மாவுக்கட்டில் பழுத்த களாக்காய்

ஐம்பதைத் தாண்டிய நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதல் பேச்சே முட்டியைப் பற்றித்தான். வலதா, இடதா, தைலமா, மாத்திரையா என்று அக்கறையாக விசாரித்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் சாப்பாட்டின் ருசியை விட நாற்காலியின் உயரம் முக்கியமாகிவிட்டது. உங்களுக்கெல்லாம் இது வயதால் வந்த தொல்லை. எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டதால் இந்த விஷயத்தில் நான் உங்கள் எல்லோருக்கும் சீனியர். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் காலைப் பற்றிச் சொல்லப்போவது கொஞ்சம்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி எங்கள் காலனி இருந்தது. அப்போது அங்கே வீடுகளை விடக் காலி மனைகளே அதிகம். முழுப்பரீட்சை முடிந்த கையோடு ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அதில் பிரேக் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் போய் விழுந்தேன். முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்தது.

தாம்பரத்தில் டாக்டர் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றார். ஈரமாக இருந்தபோது அது புது வீட்டுச் சுவரைப் போல வாசனை அடித்தது. காய்ந்த பிறகு என் வியர்வை நாற்றம்தான். உள்ளே அரிக்கும். உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி அதற்குள் விட்டுச் சொரிந்துகொள்வேன். அந்தச் சுகத்துக்கு இணையாக இந்த ஐம்பது வருஷத்தில் வேறொன்றை நான் அனுபவித்ததில்லை.

அப்பா வங்கியில் குமாஸ்தா. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. திருச்சியிலிருந்த அத்தையைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு அந்தக் கோடையில்தான் வடாம் போட வேண்டியிருந்தது. என்னை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் அப்பா ஒரு மனை வாங்கியிருந்தார். மனை என்றால் அப்போது அது வெறும் புதர்க்காடு. புதர் வெட்டிச் சமன் செய்வதற்கு அங்கேயே குடிசை போட்டிருந்த இருளர்களை வேலைக்கு வைத்திருந்தார் மேஸ்திரி. அவர்கள் எத்தனையோ காலமாகத் தின்று வாழ்ந்த காட்டை அவர்கள் கையாலேயே வெட்டச் சொல்லியிருந்தார்கள். இது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது. அன்று மேஸ்திரி, “பாப்பாவ பாத்துக்க ஒரு பொம்பள கீது சார், நல்ல மாதிரி” என்றாராம். அப்பா அந்தப் பெண்ணிடமும் அவள் தம்பியிடமும், “கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான்” என்று சொல்லி அழைத்து வந்துவிட்டார்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இப்போது தம்பிக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று ஆகியிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் இருந்ததாகவே யாரும் நினைக்கவில்லை. அம்மா “இந்தாம்மா” என்பாள். அப்பா “ஏம்மா” என்பார். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

வந்த அன்றே அக்காவுக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லை. மின்விசிறியைச் சந்தேகமாக அண்ணாந்து பார்த்தாள். அதன் கீழே படுக்க மாட்டேன் என்று சுவரோரம் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

“இன்னா பாப்பா இது, தண்ணில பருப்பு நீஞ்சிகினு போவுது?”

எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

மறுநாள் காலை அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். வாசலில் கிரில் கேட். பின்பக்கக் கதவுக்கு உள்ளே ஒரு பூட்டு. அப்பா கிரில் கேட்டை வெளியிலிருந்து இழுத்துத் திண்டுக்கல் பூட்டைப் போட்டார். சாவியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பறக்கும் காக்கையைக் கூட யார் வீட்டுக் காக்கை என்று கேட்பவர்.

“ரெண்டு பேரும் பத்திரமா இருங்க” என்றாள் அம்மா.

பத்திரம் என்றால் பூட்டு என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம். முன்தினம் இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்து அப்பா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. “ட்ரைபல் பொம்பள. எதையாவது எடுத்துட்டுப் போயிட்டா எங்கன்னு தேடறது?” அம்மா பதிலுக்கு, “குழந்தையை விட்டுட்டுப் போயிட்டா அதைவிட வம்பு” என்றாள். ஆக, பூட்டு எங்கள் இருவருக்கும்தான். எனக்குக் காலில் ஒன்று கூடுதல்.

பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பிறகு அக்கா வெகுநேரம் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் ஒரு துண்டும் டீச்சர் வீட்டு வேப்பமரத்தில் பாதியும் தெரியும். அவ்வளவுதான். மின்சார ரயில் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. விமானப்படை விமானம் தாழப் பறக்கும், கூரைதான் அதிரும்.

“எப்போ தொறப்பாங்க?” என்றாள்.

“சாயங்காலம் அம்மா வந்து.”

“தீப்புடிச்சா?”

அவள் வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் மாவுக்கட்டை விரலால் தட்டினாள்.

“நீ எப்படிப் பாப்பா இதுக்குள்ள கீற?”

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன். அதுவரை எல்லோரும் சீக்கிரம் சரியாகிவிடும் என்றுதான் சொன்னார்களே தவிர, உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் அழுகையை நிறுத்துவதற்காகத்தான் அவள் வரைய ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். காலையில் பல் தேய்த்துவிட்டு வைத்திருந்த வேப்பங்குச்சியின் நுனியை நன்றாக மென்று நார் நாராக்கினாள். அடுப்புக்கரியைக் கஞ்சித்தண்ணீரில் குழைத்தாள். என் கணுக்காலுக்குப் பக்கத்தில், அந்த வெள்ளை மாவின் மேல், முள்ளோடு ஒரு கிளை வந்தது. கிளையில் கொத்துக் கொத்தாக உருண்டைகள். கோலத்துக்குப் பட்டை அடிக்க அம்மா வைத்திருந்த காவியை எடுத்துப் பாதி உருண்டைகளைச் சிவப்பாக்கினாள்.

“இன்னா இது, சொல்லு.”

“திராட்சை.”

“மூஞ்சப் பாரு. களாக்கா. இப்போ எங்க எடத்துல இப்பிடித்தான் நிக்கும். செவப்பு புளிக்கும். கறுப்பானா இனிக்கும். இதுக்கு மேல கைய வெச்சா முள்ளு கிழிக்கும், அதுக்குன்னு சும்மா இருப்பமா?”

மறுநாள் அந்த உருண்டைகளில் இரண்டைக் கரியால் கறுப்பாக்கினாள். அடுத்த நாள் இன்னும் சில. என் காலில் களாக்காய் பழுத்துக்கொண்டு வந்தது. காலண்டரில் தேதி கிழிப்பதைப் போல அவள் பழத்தைப் பழுக்க வைத்தாள்.

பிறகு நாளுக்கு ஒன்று வந்தது. மஞ்சள் கரைத்துப் பாலைப்பழம். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று தன் உதட்டை ஒட்டிக்கொண்டு பேசிக் காட்டினாள். ஈச்சங்குலை. வரப்புக்குக் கீழே எலி வளை. வளைக்குள் ஓர் அறையில் எலி, இன்னோர் அறையில் அது திருடிச் சேர்த்த நெற்கதிர்கள். “எலியும் நமக்கு, நெல்லும் நமக்கு” என்றாள். முட்டிக்கு மேலே ஓர் உடும்பு படுத்திருந்தது. மாவுக்கட்டு வளைந்த இடத்தில் அதன் வாலும் வளைந்துகொண்டது. ஒவ்வொன்றையும் வரையும்போது எப்படிச் சுடுவது, எதை முதலில் தின்பது, எது யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போவாள். தம்பிக்கு எலியின் தலை. அவன் பெண்டாட்டிக்கு வள்ளிக்கிழங்கு. அவளுக்குத் தேன்கூட்டில் புழுவோடு இருக்கும் பகுதி. எனக்கு முதலில் குமட்டியது. ஒரு வாரத்தில் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது.

இன்னொன்றும் கவனித்தேன். படங்களை அவள் கிடைத்த இடத்தில் போடவில்லை. ஒன்றுக்கு இடம் விட்டு இன்னொன்று. களாவுக்குப் பக்கத்தில் எலி வளை, அதற்கு மேற்கே பாலை மரம், அதைத் தாண்டிப் புற்று. அவர்கள் இடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே என் காலில் இருந்தது. “இங்க என் குடிச” என்று முட்டியில் விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் மட்டும் எதுவும் வரையவில்லை.

அம்மாவுக்கு முதலில் கோபம். ஆஸ்பத்திரிக் கட்டை இப்படிப் பாழாக்கலாமா என்று கத்தினாள். அப்புறம் பார்க்க வந்த ஆபீஸ் தோழிகள், “யாருப்பா போட்டது, சூப்பரா இருக்கே” என்றதும் குரல் மாறிவிட்டது. அடுத்த நாளே சார்ட் பேப்பரும் போஸ்டர் கலரும் பிரஷ்ஷும் வந்தன. ஹாலில் மாட்ட ஒரு மயில் வேண்டும் என்று கேட்டாள்.

“உசுரோடவா, உரிச்சதா?” என்று கேட்டாள் அக்கா.

அம்மா விளையாட்டு என்று நினைத்தாள். அக்கா விளையாடவில்லை. மயிலை அவள் கடைசிவரை போடவே இல்லை. “அது எங்க எடத்துல இல்ல” என்று சொல்லிவிட்டாள். அம்மா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு எலும்பு இன்னும் சேரவில்லை, கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். நாங்கள் வீடு திரும்பியபோது அக்கா தன் துணிகளை ஒரு பையில் போட்டுத் தயாராக வாசலில் உட்கார்ந்திருந்தாள், கிரில்லுக்கு உள்ளே. என் கால் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை ஒரு முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. கோடையில் வரும் இடிமழை. நின்றதும் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அம்மா விளக்கை அணைத்துவிட்டு ஒரு பேசினில் தண்ணீர் வைத்து அதற்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஈசல் தண்ணீரில் விழுந்து சாகும், காலையில் கொட்டிவிடலாம். அக்கா அந்தப் பேசினையே பார்த்தாள். பிறகு நேராக அப்பாவிடம் போனாள். அதுவரை அவள் அப்பாவிடம் தானாகப் பேசியதே இல்லை.

“சார், நான் வூட்டுக்குப் போணும்.”

“கட்டுப் பிரிக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்.”

“ஈசல் வந்துட்டுது சார். எங்காளுங்க இத்த தின்னுட்டு கெளம்பிடுவாங்க. வெட்டற வேலையும் முடிஞ்சிருக்கும். நான் இல்லன்னா எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“எங்க போயிடப் போறாங்க? மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுத்தானே போவாங்க. நானே வந்து விடறேன்.”

அப்பா வாக்குத் தவறுகிறவர் இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அவர் உலகத்தில் இடம் மாறும் மனிதர்கள் எல்லோரும் விலாசம் விட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்களுக்கு வீடு மாறினால் தபால்காரருக்குச் சொல்வோம். அதனால் அவள் கேட்டது அவருக்குப் புரியவே இல்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் இடம் என்று வாழ்கிறவர்களுக்கு, கிளம்பும்போது கூட இருப்பது ஒன்றே வழி.

அன்று அக்கா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேசினிலிருந்து ஈசல்களை அள்ளி, இறகைத் தேய்த்து ஊதி, வாணலியில் வறுத்தாள். எனக்கும் கொஞ்சம் பொரியோடு கலந்து கொடுத்தாள். அவள் தின்னவில்லை. “தனியா தின்னா இது எறங்காது பாப்பா” என்றாள்.

கட்டுப் பிரித்த நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் விடிந்தது. டாக்டர் படங்களைப் பார்த்துச் சிரித்தார். “மியூசியத்துல வைக்கலாம் போல இருக்கே” என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை ஓட்டினார். உடும்பு இரண்டாகப் பிளந்தது. களாக்கிளையும் எலி வளையும் பொடி பறந்து விழுந்தன. உள்ளிருந்து என் கால் மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல வந்தது. கட்டின் இரண்டு பாதிகளையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அம்மா, “சீ, அழுக்கு” என்றாள். ஆஸ்பத்திரி ஆள் அதை ரத்தப் பஞ்சுகள் கிடந்த வாளியில் போட்டுவிட்டார். எத்தனையோ பொருளைத் தொலைத்திருக்கிறேன், நீங்களும் தொலைத்திருப்பீர்கள். இன்னும் என்னிடம் இருந்திருக்கலாமே என்று நான் ஏங்குவது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பேசி எல்லோரும் கிளம்பினோம். என் கால் சரியானால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் அக்காவை விட்டுவிடுவதாக ஏற்பாடு. அக்காவின் தம்பி பெண்டாட்டிக்கென்று அம்மா ஒரு புடவையும் பிள்ளைகளுக்கு முறுக்கும் கட்டிக் கொடுத்திருந்தாள். அக்கா என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அந்த மூட்டையை அணைத்தபடி வந்தாள். கோவிலில் அம்மா தீபாராதனைக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அக்கா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

மனைக்குப் போனோம். புதர் ஒன்றும் இல்லை. செம்மண் தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. வரிசையாக மஞ்சள் பூசிய கற்கள். அப்பா நம்பர் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு கல்லில் காலை வைத்து, “இதுதான் நம்ம மனை” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அக்கா எங்களைத் தாண்டிப் போனாள். கொஞ்ச தூரத்தில் புகை ஏறிய மூன்று கற்கள் இருந்தன. குந்தி உட்கார்ந்து சாம்பலுக்குள் கையை விட்டாள். பக்கத்தில் ஒரு புற்று. அதன் அடியில் பள்ளம் தோண்டியிருந்தது.

“ஈசல் தின்னுட்டுதான் போயிருக்காங்க” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்பா மேஸ்திரியைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அவர் தலையைச் சொரிந்தார்.

“வேலை முடிஞ்சுது, போயிட்டாங்க சார். நான் அன்னிக்கு இங்க இல்ல. அவங்களுக்கு இன்னா அட்ரஸா கீது?”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தன் மேல் தவறு இருக்கிறது என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அதைச் சரிசெய்ய அவர் எடுத்த வழிதான் இன்னும் மோசம். அக்கா எழுந்து வந்து, “நீங்க போங்க சார். நான் தேடிகினு போறேன்” என்றாள்.

“எங்கன்னு தேடுவ? தனியா ஒரு பொம்பள. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கூட்டிட்டு வந்தவன் நான். நம்ம வீட்லயே இரு. ஏறும்மா.”

அவள் நான்கு பக்கமும் பார்த்தாள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் கற்கள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறினாள். புடவையும் முறுக்கும் எங்களோடு திரும்பி வந்தன. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக என் கால் அவள் மடியில்தான் இருந்தது. ஆனால் அவள் கை அதன் மேல் இல்லை.

அடுத்த நாள் முதல் கிரில் கேட்டுக்குப் பூட்டு இல்லை. “இனிமே எதுக்கு? அவளுக்கு இனிமே நாமதானே எல்லாம்” என்றாள் அம்மா. கனிவாகத்தான் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அக்கா இனி எங்கேயும் போக மாட்டாள் அல்லவா? பூட்டு இருந்தபோது கிரில்லைப் பிடித்து நின்றவள், பூட்டுப் போன பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

“கேட் திறந்துதானே இருக்கு, நீ வெளிய போயேன் அக்கா.”

“எந்தப் பக்கம்னு போறது பாப்பா? தெரியாத ஊர்ல ஒத்தையா திரிஞ்சா எங்காளுங்கள திருட்டுக் கேசுல போட்டுருவாங்க. ஒரு பக்கம்னு தெரிஞ்சா போவலாம்.”

பிறகு ஒரு நாள் அவள் வெளியே போனாள், கேட்டுக்கு வெளியே இரண்டடி. காவி, கரி, மஞ்சள், கஞ்சித்தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்த காம்பவுண்ட் சுவரில் வரைய ஆரம்பித்தாள். என் காலில் இருந்தது அத்தனையும் அதே வரிசையில், ஆள் உயரத்துக்கு. இந்த முறை குடிசையையும் போட்டாள்.

“பாம்பு புடிக்க, எலி புடிக்கன்னு எங்காளுங்க இந்தப் பக்கம் வருவாங்க. எழுத்து தெரியாது. இத்த பாத்தா தெரியும். களாவுக்குப் பக்கத்துல வளை, வளைக்கு மேக்கால பாலை. இது எங்க எடம், வேற எங்கயும் இப்பிடி இல்ல. தம்பி பாத்தான்னா நான் இங்க கீறேன்னு தெரிஞ்சிக்குவான்.”

நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பாவம், அவங்க ஆளுங்க சேலையூருக்கு எங்க வரப் போறாங்க?” என்றார். ஆனால் எதிர்வீட்டு டீச்சருக்கு வாசலைத் திறந்ததும் எலியும் உடும்பும் கண்ணில் படுவது பொறுக்கவில்லை. காலனிக்கே அசிங்கம் என்று இரண்டு மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடித்தார். அக்கா வாளி பிடித்தாள். அவளைப் பிடிக்கச் சொன்னார்கள்.

அப்பா சிக்கனக்காரர், சோம்பேறியும் கூட. ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டார். சுவர் காய்ந்து வெள்ளையாகிவிட்டது. ஆனால் சுண்ணாம்பின் குணம் உங்களுக்குத் தெரியும். ஈரமானால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதல் மழையில் வெள்ளைக்கு அடியிலிருந்து பாலை மரமும் வளையும் குடிசையும் மங்கலாக எழுந்து வந்தன. வெயில் வந்ததும் மறைந்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து மழைக்காகக் காத்திருந்தாள். வானம் இருட்டினால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அம்மா திட்டத் திட்ட நனைந்துகொண்டு நிற்பாள். எத்தனையோ மழை வந்து போனது. யாரும் வரவில்லை. கடைசியில் அவள் ஓடுவதை நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள் காலை. அக்கா ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூடத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

“சொல்லணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு. போன வாரம் மழை பேஞ்சுதே, அன்னைக்கு ஒருத்தன் உங்க சுவத்து முன்னாடி குந்திட்டு இருந்தான். தோள்ல ஒரு கடப்பாரை. கொட்டற மழையில அரை மணி நேரம். சுவத்தைத் தடவித் தடவிப் பாக்கறான், சிரிக்கிறான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.”

“ஐயோ, அப்புறம்?”

“உள்ள யாராவது இருக்காங்களான்னு என்னைக் கேட்டான். நோட்டம் பாக்க வந்தவன்னு தெரிஞ்சுபோச்சு. யாரும் இல்ல, போடான்னு விரட்டிட்டேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா நான்தானே பாத்துக்கணும்?”

ஆட்டுக்கல் நின்றுவிட்டது. அக்கா கையில் மாவோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள். அந்த மழை நாளில் பின்கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். டீச்சரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எந்தப் பக்கம் போனான்?”

டீச்சர் குழம்பிப் போனார். கையை ஆட்டி, “இப்படித்தான்... மாடம்பாக்கம் ஏரிப் பக்கமா” என்றார்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். செருப்பு அவளுக்கு இல்லை. நேராக நடந்து கேட்டைத் திறந்தாள்.

“ஏய், எங்க போற? மாவு என்னாறது?” என்றாள் அம்மா.

“நீங்க ஆட்டிக்குங்கம்மா.”

“அவன் போயி ஒரு வாரம் ஆகுதே, இப்பப் போயி என்ன பண்ணுவா?” என்றார் டீச்சர். அவர் சொன்னது நியாயம்தான்.

நான் காலை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். “அக்கா, அவன் அங்க இல்லன்னா?”

அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சாம்பாரைக் கிண்டல் செய்த பழைய சிரிப்பு வந்திருந்தது.

“இல்லன்னா அடுத்த பக்கம் கீது பாப்பா. நீ காலப் பாத்து நட.”

போய்விட்டாள். ஓடவில்லை, நடந்தாள். தெருமுனை வரை தெரிந்தாள். அப்பா அன்று சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய்த் தேடிவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அம்மா, “எங்க போவா, பசிச்சா வந்துடுவா” என்று சொல்லி அவள் தட்டில் இட்லியை எடுத்து மூடி வைத்தாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளைத் திருப்பி அனுப்பிவிடு என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு அழுதேன். அவள் திரும்பி வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் மனசு அன்று எனக்கு இல்லை. அது வர எனக்கு இத்தனை வயது ஆயிற்று.